உழாது விளைந்த உணவு

தமிழர் உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நெல்லில் தொடங்கி நெல்லிலேயே முடிப்பது வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. காவிரியும் வைகையும் பொருநையும் பாய்ந்த மருதநிலத்தில் அரசு எழுந்தது, கோயில் எழுந்தது, கணக்கு எழுந்தது. நாழியும் குறுணியும் கலமுமாக அளக்கப்பட்ட நெல் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது. ஏரும் எருதும் அணுகாத சரிவிலும், ஏரியின் கரையிலும், புன்செய் வரப்பிலும், வீட்டுக் கொல்லையின் குப்பைமேட்டிலும் தானே விளைந்து மக்களின் வயிற்றை நிறைத்த பொருள்களுக்கு அத்தகைய பதிவு அமையவில்லை. வரி இறுக்காத பொருளுக்குக் கணக்கு எழுதுவார் அரியர்.

ஆயினும் அவ்வுணவின் சுவடுகள் முற்றும் அழிந்துவிடவில்லை. சங்கப் பாடல்களிலும், தெய்வத்தின் பெயரிலும், அடுக்களை வழக்கிலும், பஞ்சகால ஆவணங்களிலும், சட்டப் புத்தகங்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், தமிழ்ச் சமுதாயம் காட்டுணவைப் பெருமையாகவும் நாணத்தக்கதாகவும் மாறி மாறிக் கருதி வந்தமை புலனாகும்.

பறம்பின் நான்கு பொருள்கள்

புறநானூற்றின் 109ஆம் பாடல் கபிலர் பாடியது. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றியிருந்த காலத்தில் அவர்களை நோக்கி அவர் கூறியதாக அமைந்தது. மலையை வளைத்துக்கொண்டால் உள்ளிருப்போர் பசியால் பணிவர் என்பது முற்றுகைப் போரின் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கு பறம்பில் செல்லாது என்பதற்குக் கபிலர் காட்டும் சான்று உணவே. உழவர் உழாமலே கிடைக்கும் பயன்கள் நான்கு அம்மலையில் உள்ளன என்கிறார். அவை மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன. சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிக்கு அணித்தாக உள்ள பிரான்மலையே அப்பறம்பு என்பது பலரும் ஏற்ற கருத்தாகும்.

இந்நான்கையும் வெறும் வருணனையாகக் கொள்ளுதல் பொருந்தாது. தானியம், கனி, கிழங்கு, இனிப்பு என ஓர் உணவு முறைக்கு வேண்டிய கூறுகள் பலவும் இதில் அடங்கியுள்ளன. இவை கிடைக்கும் காலங்களும் வெவ்வேறு. பலா கோடையில் பழுப்பது. அதன் கொட்டையை மண்ணில் புதைத்து மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேனும் பெரும்பாலும் பூக்கள் மிகுந்த கோடையை ஒட்டி எடுக்கப்படுவது. வள்ளிக்கிழங்கு மழையில் பருத்து, கொடி வாடிய பின்னர்த் தோண்டத் தக்கதாகும். மூங்கிலரிசியின் நிலை தனியானது. மூங்கில் ஆண்டுதோறும் பூப்பதில்லை. பெருமூங்கில் ஏறத்தாழ நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதையை உதிர்த்துவிட்டுப் பட்டுப்போகும். புதரின் அடியைச் செதுக்கித் துப்புரவாக்கி, உதிர்ந்த நெல்லைக் கூட்டி அள்ளி, குற்றிப் புடைத்து அரிசியாக்குவர். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் அந்த விளைச்சலைச் சேமித்து வைக்கத் தெரிந்திருந்தால்தான் அது உணவாகும். இல்லையேல் எலிகளுக்கு இரையாகும். எனவே பறம்பின் வளம் என்பது மலையின் வளம் மட்டுமன்று. எதை எப்போது எடுப்பது, எதை எவ்வாறு காப்பது என்று அறிந்த மக்களின் அறிவும் அதனுள் அடங்கும். அரசியல் விடுதலைக்கு உணவு விடுதலை அடிப்படை என்ற கருத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கூறும் பாடல் பிறிதொன்று காண்பது அரிது.

தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்துகையில் தெய்வத்தை அடுத்து உணவையே வைப்பதும் ஈண்டு நினையத்தக்கது. குறிஞ்சியின் உணவாகத் தினையோடும் மலைநெல்லோடும் மூங்கிலரிசியையும் உரையாசிரியர் குறிப்பிடுவர்.

வள்ளி என்னும் பெயர்

நான்கனுள் வள்ளிக்கிழங்கு தனியே ஆராயத்தக்கது. அது காட்டில் மரங்களைப் பற்றிப் படரும் கொடியின் வேர்க்கிழங்கு. முருகனின் துணைவியாகிய வள்ளியின் பிறப்புக் கதை கந்தபுராணத்தில் வருகிறது. மானின் வயிற்றில் பிறந்து, வேட்டுவ மகளிர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் விடப்பட்ட குழந்தையை நம்பிராசன் கண்டெடுத்தான். அக்குழியில் கிடந்தமையால் அவள் வள்ளி என்று பெயர் பெற்றாள். கதையின் சமயப் பொருள் எதுவாயினும், கிழங்கு அகழ்வது ஒரு சமுதாயத்தின் அன்றாடத் தொழிலாக இருந்தமைக்கு இது சான்று. தெய்வ மகளைத் தொட்டிலில் காட்டாமல் கிழங்குக் குழியில் காட்டிய கற்பனை, அக்குழியை நாள்தோறும் கண்ட மக்களிடையேதான் தோன்றியிருக்க முடியும்.

அச்சொல்லின் பிற்கால வரலாறும் சுவையானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்துக்குப் பின்னர் இங்கு வந்த இரு கிழங்குகளுக்கும் தமிழ்மக்கள் பழைய காட்டுக் கிழங்கின் பெயரையே இட்டனர். ஒன்று சர்க்கரைவள்ளி ஆயிற்று. மற்றொன்று மரவள்ளி ஆயிற்று. வந்த பயிர்கள் வயலில் இடம்பிடித்தன. பெயர் ஈந்த கிழங்கோ நகரத்தார் பலருக்குத் தெரியாத பொருளாகிவிட்டது.

மலைவாழ் மக்களிடம் அதன் மதிப்பு குன்றவில்லை. பழனி மலை, சிறுமலை, வருசநாடு ஆகிய பகுதிகளில் வாழும் பளியர்க்கும், ஆனைமலைக் காடர்க்கும், பொதிகைச் சாரலின் காணிக்காரர்க்கும் காட்டுக் கிழங்குகள் நெடுங்காலம் முதன்மை உணவாக இருந்தன. பளியரைப் பற்றி டாமன் என்னும் பாதிரியார் 1908இல் எழுதிய கட்டுரையிலும், 1960களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலாளரின் நூல்களிலும் இச்செய்தி விரிவாக உள்ளது. கிழங்கு எடுப்பது எளிய வேலையன்று. இலை உதிர்ந்தபின் எஞ்சிய காய்ந்த கொடியைக் கொண்டே இனத்தை அறிதல் வேண்டும். பாறை இடுக்கில் ஆளுயரத்துக்கும் இறங்கிவிடும் கிழங்கு உண்டு. ஒரு குழிக்கு அரைநாள் கழிவதும் உண்டு. கிழங்கை எடுத்தபின் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை அதே குழியில் வைத்து மண் தள்ளி மூடிவிடுவது மலைமக்கள் பலரிடமும் உள்ள வழக்கம். மறு மழையில் அது மீண்டும் தழைக்கும். உழவு அறியாதவர் என்று நூல்கள் குறிக்கும் மக்கள் அடுத்த ஆண்டின் விளைச்சலுக்கு ஏற்பாடு செய்துவிட்டே குழியை விட்டு எழுந்தனர் என்பது நோக்கற்பாலது.

அடைத்த கதவு

பறம்பில் பெருமையாகப் பேசப்பட்ட இதே வகை உணவு, சமவெளியின் வறிய குடிசையில் வேறு முகம் காட்டுகிறது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் தன் பழைய வறுமையைக் கூறுகிறான். சுவர் கறையான் அரித்து, காளான் பூத்துக் கிடந்த அடுக்களை அது. அங்கே பசியால் இளைத்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு உண்ணுமுன் வாயிற்கதவை அடைக்கிறாள். பிறர் கண்டுவிடுவரோ என்ற நாணமே காரணம்.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் புறப்பாட்டிலும் இத்தகைய காட்சி உண்டு. முன்பே கொய்யப்பட்ட குப்பைக்கீரையில் மீண்டும் துளிர்த்த முற்றாத தளிரைக் கொய்து, உப்பும் இன்றி மோரும் இன்றி அவித்து உண்ணும் மனைவியை அவர் காட்டுகிறார். ஒரே செடியை மீண்டும் மீண்டும் நாடவேண்டிய நிலை வறுமையின் அளவைச் சொல்லாமல் சொல்கிறது.

கைம்பெண்களின் உணவும் இவ்வரிசையில் சேரும். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்பாயுமுன் பாடிய பாட்டில் கைம்மை நோன்பினர் உண்ணும் பொருள்களுள் ஒன்றாக வேளைக்கீரையைக் குறிக்கிறாள். ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் ஒருத்தி சிறிய வெள்ளாம்பலை நினைத்து இரங்குகிறாள். இளமையில் அதன் இலை அவளுக்குத் தழையாடை ஆயிற்று. இப்போது அதன் விதையரிசி, வேளை தப்பி உண்ணும் உணவாயிற்று. ஒரே நீர்ச்செடி ஒருத்தியின் வாழ்வில் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் அடையாளமாகிறது.

இவற்றுக்கு நடுவே, நாணமும் பெருமிதமும் இன்றி இயல்பாகக் காட்டுணவைத் திரட்டும் காட்சி ஒன்றைப் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. பாலைநிலத்து எயிற்றியர் இரும்புப் பூண் இட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைத் திரட்டுகின்றனர். எறும்பு சேர்த்து வைத்த அரிசி என்று பொருள் கொள்வாரும் உளர். விளாமரத்து நிழலில், முற்றத்து நிலத்தில் அமைத்த உரலில் அதைக் குற்றி, கிணற்று உவர்நீரில் உலையேற்றி, உலர்ந்த இறைச்சியோடு விருந்தினர்க்கு வழங்குகின்றனர். அந்நூல் தொண்டை நாட்டைப் பாடுவது. அதே நாட்டின் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் அறுவடை முடிந்த வயல்களில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்த நெல்லை எடுத்துண்டு வந்தமை பலரும் அறிந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் கோலும் குழியும் அவ்வாறே தொடர்ந்துள்ளன.

ஆக, உணவு ஒன்றே. உண்பவர் நிலையே அதற்கு மதிப்பையும் மதிப்பின்மையையும் தந்தது. தன் மலையில் தானே எடுத்து உண்டவனுக்கு அது பெருமை. நெல் உண்பவர் நடுவே நெல் இன்றி உண்டவளுக்கு அது நாணம்.

நஞ்சு நீக்கும் முறை

காட்டில் கிடைப்பன யாவும் அப்படியே உண்ணத்தக்கன அல்ல. பல கிழங்குகளில் கசப்பும் நஞ்சும் உண்டு. சில காட்டு வள்ளியினங்களை அப்படியே உண்டால் மயக்கமும் வாந்தியும் வரும். அளவு மிகுந்தால் உயிருக்கும் கேடு. அவற்றை மெல்லிய வில்லைகளாகச் சீவி, வேகவைத்து, கூடையில் இட்டு ஓடும் நீரில் ஊறவிட்டு, கசப்பு நீங்கும்வரை நீர் மாற்றிப் பின்னர் உண்பர். அவிக்கும்போது சாம்பல் சேர்ப்பதும் உண்டு. நீரில் கரையும் நஞ்சை நீராலேயே வெளியேற்றும் வேதியியல் இது. கண்டறிந்தவர் பெயர் எந்நூலிலும் இல்லை.

சமவெளி அடுக்களையிலும் இத்தகைய அறிவு மிகுதி. கருணைக்கிழங்கும் பிரண்டையும் நாவை அரிப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் என்று இன்றைய அறிவியல் கூறும். கிழங்கைத் தோண்டிச் சில நாள் வைத்திருந்து, கழுநீரில் அவித்து, புளி சேர்த்துச் சமைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. பிரண்டையின் நாரை உரிக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், நல்லெண்ணெயில் நன்கு வதக்கிப் புளியோடு துவையலாக்குவதும் அதே காரணம் பற்றியே.

யாழ்ப்பாணத்துப் பனையும் இங்குக் குறிப்பிடற்குரியது. பனை முழுக்கக் காட்டு மரமன்று. எனினும் நீர் வார்ப்பாரும் எரு இடுவாரும் வேண்டாத மரம். அதன் கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்துவிட்டுப் பிட்டும் கூழும் செய்வர். பனம்பழச் சாற்றைப் பாயில் படலம் படலமாகப் பூசி உலர்த்தினால் பனாட்டு. மழையும் பஞ்சமும் மாறி வரும் வறண்ட தீவகற்பத்தில், ஓராண்டின் விளைவை மறு ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் களஞ்சியமாகப் பனை விளங்கிற்று.

வெயிலும் மோரும்

காத்து வைக்கும் கலையில் தமிழ்நாட்டு மகளிர் கையாண்ட கருவிகள் மூன்று: உப்பு, மோர், வெயில். வற்றல் என்ற ஒரு சொல்லில் இக்கலை முழுவதும் அடங்கும். மணத்தக்காளிக் காயை இரவில் உப்பிட்ட மோரில் ஊறவைப்பர். காலையில் எடுத்துப் பாயிலோ முறத்திலோ பரப்பி வெயிலில் இடுவர். மாலையில் அதே மோரில் மீண்டும் போடுவர். மோர் முழுவதும் காயில் சுவறி, காய் கலகலவென்று ஒலிக்கும்வரை இது தொடரும். சுண்டைக்காய்க்கு முன்னதாக ஒரு வேலை உண்டு. இலேசாகத் தட்டிக் கீறலிட்டால்தான் மோர் உள்ளே இறங்கும். மோரின் புளிப்பும் உப்பும் கெடுதலைத் தடுக்கும். வெயில் ஈரத்தை வாங்கும். ஓராண்டு ஆனாலும் அது கெடாது.

இங்கு ஒரு வியப்பும் உண்டு. தொன்றுதொட்டு நம்முடையது என்று கருதப்படும் சுண்டைச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி என்பது தாவர இயலார் முடிபு. வந்த செடி புறம்போக்கிலும் வேலியிலும் தானே பரவ, இங்கிருந்த வற்றல் முறை அதை ஏற்றுக்கொண்டது. காட்டுணவு அறிவு என்பது பழைய பட்டியலை மனப்பாடம் செய்வதன்று, புதிய செடியையும் சோதித்துச் சேர்த்துக்கொள்ளும் திறனே என்பதற்கு இது நல்ல சான்று.

கரிசல் நிலத்து அதலைக்காய் மற்றொரு சான்று. விருதுநகர், மதுரை, தூத்துக்குடி மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்ததும் புன்செய்களில் தானே படரும் சிறு பாகற்கொடி அது. மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு கோடை முழுதும் உறங்கி, மழைக்கு விழிக்கும். எவரும் விதைப்பதில்லை, களை எடுக்க வந்த பெண்களே மடியில் கட்டிச் செல்வர். பறித்த காய் விரைவில் வெடித்துவிடும். ஆதலால் அன்றே சமைக்க வேண்டும்; அல்லது வற்றலாக்க வேண்டும். கசப்பையே சுவையாகக் கொண்ட அக்காய்க்காக அவ்வட்டாரச் சந்தைகளில் மக்கள் ஆண்டுதோறும் காத்திருக்கின்றனர்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து வரும் மாகாளிக்கிழங்கின் கதை இதற்கு நேர்மாறானது. தோலைச் சீவி, நடுவேரை நீக்கி, நறுக்கி, உப்பும் மோரும் கடுகும் சேர்த்து ஊறவைக்கும் மாகாளி ஊறுகாய் தஞ்சை வட்டார வீடுகளில் புகழ்பெற்றது. வேரைத் தோண்டும்போது செடியே போய்விடும். எடுப்பவரும் உண்பவரும் ஒருவராக இருந்தால் குழியை மூடி வைக்கத் தோன்றும். எடுப்பது கூலிக்கும் உண்பது தொலைவிலும் ஆனபோது மிச்சம் வைக்கக் காரணம் இல்லாது போயிற்று. அதனால் அச்செடி இன்று அழிவை எதிர்நோக்கும் தாவரங்களுள் ஒன்றாகிவிட்டது.

தாது ஆண்டு

1876இல் பருவமழை பொய்த்தது. அது தாது ஆண்டு. மறு ஆண்டாகிய ஈசுவரவிலும் துயர் தொடர்ந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. கும்மிப் பாடல்களிலும், வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசத்திலும் அத்துயரம் இலக்கியமாயிற்று.

நிவாரணப் பணியில் ஈடுபட்டோர்க்கு வழங்கும் கூலியை 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்பது அவர் வகுத்த அளவு. கடின உழைப்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். அவ்விவாதம் தானிய அளவைப் பற்றியது. அதற்கு வெளியே, எந்த அளவிலும் அடங்காமல், மக்கள் இலையும் வேரும் தேடி அலைந்தனர். காட்டுக் கிழங்கு, புல்விதை, கற்றாழை, சப்பாத்திக்கள்ளிப் பழம் என உண்ணத் தக்கனவும் தகாதனவும் உணவாயின.

பறம்பைக் காத்த காட்டுணவு தாது ஆண்டு மக்களை ஏன் காக்கவில்லை என்ற வினா இயல்பாக எழும். விடை அவ்வுணவின் இயல்பிலேயே உள்ளது. வறட்சி வயலை மட்டுமன்றிக் காட்டையும் வாட்டும். அரைநாள் தோண்ட உடலில் வலு வேண்டும். கசப்பை நீக்க ஓடும் நீரும் விறகும் பொறுமையும் வேண்டும். இலட்சக்கணக்கானோர் ஒரே காலத்தில் புகுந்தால் எக்காடும் தாங்காது. அனைத்துக்கும் மேலாக, தலைமுறையாய் நெல்லையும் கேழ்வரகையும் உண்டு பழகிய உழவர்க்குக் காட்டின் அறிவு கைவரவில்லை. அறியாது உண்டதும், வலுவிழந்த வயிற்றில் இலைகளை மட்டுமே இட்டதும் கழிச்சலாக முடிந்தன. பஞ்சத்தில் மாண்டோர் பலர் பட்டினியோடு வயிற்றுப்போக்கினாலும் காலராவினாலும் மாண்டனர். காட்டுணவு நல்ல காலத்தில் பழகி வைத்திருந்தால் மட்டுமே தீய காலத்தில் கைகொடுக்கும் என்பதே அப்பஞ்சம் தந்த பாடம்.

காவலுக்குட்பட்ட காடு

அப்பாடத்தை அரசு கற்கவில்லை. பஞ்சம் ஓய்ந்து நான்காண்டில், 1882இல், சென்னை வனச் சட்டம் வந்தது. இந்தியாவின் பிற பகுதிகளுக்கு வகுத்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைக்குப் பொருந்தாது என்றும், இங்குக் கிராம மக்களுக்குக் காடுகளில் வழிவழி உரிமை உண்டு என்றும் சென்னை வருவாய் வாரியம் முன்பு வாதிட்டதுண்டு. இறுதியில் மாகாணத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, காடுகள் ஒதுக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. இசைவின்றி உள்ளே புகுந்து இலையோ வேரோ தேனோ எடுப்பது குற்றமாயிற்று. மரம் பெரும்பொருள் ஆயிற்று. தேன், மெழுகு, கடுக்காய், கிழங்கு யாவும் சிறு வன விளைபொருள் என்னும் தலைப்பில் அடங்கின. அவற்றைச் சேகரிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட, தன் மலைத் தேனைத் தானே எடுத்தவன் குத்தகைதாரரின் கூலியாளானான்.

சிறுமை என்பது அப்பொருள்களை உண்டவர் இட்ட பெயரன்று. பாரியின் நாட்டில் அரசுக்கே அரணாக நின்றவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பில் சிறுபொருளாயின. அடைத்த கதவுக்குள் ஒருத்தி கொண்ட நாணம் இப்போது சட்டத்தின் மொழியில் குற்றமாக வந்து நின்றது.

இந்நிலை மாற ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வழிவழி வாழ்வோர்க்குச் சிறு வன விளைபொருள்களின்மேல் உடைமை உரிமையை ஏற்றது. மூங்கில், தேன், மூலிகை, வேர், கிழங்கு ஆகியவற்றை அதன் வரையறை பெயர் சுட்டிச் சேர்த்தது. கபிலர் எண்ணிய நான்கு பொருள்களுள் மூன்று அச்சட்டத்தில் பெயரோடு இடம்பெற்றமை தற்செயலாயினும் பொருத்தமானது.

களையும் கீரையும்

உரிமை திரும்பி வந்த காலத்தில் அறிவு குறையத் தொடங்கியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் பரவிய புதிய நெல்வகைகளும், பின்னர் வந்த களைக்கொல்லிகளும் வயலின் இயல்பை மாற்றின. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவை உழவனுக்குக் களை. களை பறித்த பெண்ணுக்கோ மாலைக் குழம்புக்கான கீரை. கூலியோடு மடி நிறையக் கீரையும் கொண்டு வீடு திரும்பிய காலம் இருந்தது. பலவகைக் கீரையை ஒன்றாகக் கடையும் கலவைக்கீரை அவ்வாறு பிறந்ததே. மருந்து தெளித்த வயலில் களை இல்லை. களை இல்லாத வயலில் கீரையும் இல்லை. விளைச்சல் கணக்கில் இந்த இழப்பு எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

காட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. அயல்நாட்டு உண்ணிச்செடி அடர்ந்து, கொடிகளும் புற்களும் வளரும் தரையை மூடியது. தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. மலைக் குடியிருப்புகளுக்கும் அது சென்றது. பசியை ஒரு விதியாக ஏற்று வாழ்ந்தவர்க்கு இதன் அருமை பெரிது. கிழங்குக் குழியில் அரைநாள் வளைந்து நின்ற முதுகுக்கு அதன் பயன் தெரியும். காட்டுணவைப் போற்றுவதாகக் கருதிப் பசியைப் போற்றிவிடுதல் கூடாது. ஆயினும், தாத்தாவோடு குழிக்குச் செல்லாத பேரனுக்குக் காய்ந்த கொடியைக் கண்டு இனம் சொல்ல வாராது என்பதும் உண்மை. இவ்வறிவு ஏட்டில் இல்லை; ஒரு தலைமுறை இடையில் விட்டால் மீட்க வழியில்லை.

இதற்கிடையே நகரங்களில் வேறொரு திருப்பம் நேர்ந்துள்ளது. மூங்கிலரிசி இயற்கை அங்காடிகளில் அழகிய பைகளில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. முடக்கத்தானும் தூதுவளையும் உணவகப் பட்டியல்களில் ஏறியுள்ளன. கிணைமகள் கதவடைத்து உண்ட கீரை இன்று உடல்நலம் நாடுவோர் விரும்பி வாங்கும் பொருள். நாணம் நீங்கியது நன்றே. அந்த விலையில் ஒரு பகுதியேனும் அதை அடையாளம் காட்டியவர் கைக்குச் சேர்கிறதா என்பதும், எடுக்கப்பட்ட குழியில் கொடியின் தலை மீண்டும் வைக்கப்படுகிறதா என்பதுமே எஞ்சிய வினாக்கள்.

பறம்பு வீழ்ந்ததற்குக் காரணம் பசியன்று. வேலாலும் வாளாலும் கொள்ள இயலாத மலையைப் பாடியும் ஆடியும் இரந்து பெறலாம் என்று கபிலர் கூறிய சொல்லே பகைவர்க்கு வழிகாட்டியது எனக் கூறுவதுண்டு. மூங்கிலும் பலாவும் வள்ளியும் தேனும் இறுதிவரை தம் கடனைச் செய்தன. அவை இன்னும் மலைகளில் உள்ளன. அவற்றை எடுக்கவும், பதப்படுத்தவும், மறு மழைக்கு விட்டுவைக்கவும் அறிந்த முதியோர் சிலரும் உள்ளனர். அவர்களோடு குழிவரை நடந்து சென்று கற்கும் இளையோர் இருக்கும்வரை அந்த அறிவு உயிரோடிருக்கும்.